முன் சக்கரத்தின் துருவல்

சந்தேகப்படுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். இப்படிச் சொன்னா என் வீட்டுக்காரி சிரிப்பா, ஆனா நிஜம் அதுதான். விஸ்வநத்தம் பக்கத்துல ஒரு பட்டாசு ஆலையில இருபத்தஞ்சு வருசமா போர்மேன் வேலை பார்க்கிறேன். காலையில கேட்டுல நின்னு உள்ள வார ஆம்பளை ஆளுகளை எல்லாம் தடவிப் பார்க்கணும். பீடி, தீப்பெட்டி, செல்போன், இரும்புச் சாவி ஒண்ணும் உள்ள போகக் கூடாது. ஒவ்வொருத்தரா என் முன்னால வந்து ரெண்டு கையையும் தூக்குவாக. சட்டைப்பை, இடுப்பு, டவுசர் பை எல்லாம் தட்டிப் பார்த்துட்டு 'போ'ம்பேன். அந்த 'போ' வந்தாத்தான் கையை இறக்குவாக. முதலாளி வந்தாலும் அதே கதைதான், என்ன, அவருக்கு மட்டும் 'போங்க'. யாரும் கோவிச்சுக்க மாட்டாக. ஒரு தீக்குச்சி உள்ள போயிட்டா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் புத்தி கேட்டோட நின்னிருக்கணும். நிக்கல. வீட்டுக்குப் பால் வந்தா விரலை விட்டுப் பார்ப்பேன். கல்யாண வீட்டுல செருப்பைக் கழட்டி விட்டா, ஒண்ணை இந்த மூலையிலயும் இன்னொண்ணை அந்த மூலையிலயும் விடுவேன். "உங்களுக்குப் பொண்ணு கொடுத்ததே எங்கப்பா செஞ்ச தைரியம்"னு வீட்டுக்காரி சொல்லாத நாள் கிடையாது.

இந்த லட்சணத்துலதான் எனக்கு அந்த வண்டி மேல ஆசை வந்துச்சு. ட்ரையல்ஸ் வண்டி. வேகமா ஓட்டுற பந்தய வண்டி இல்ல. பாறை மேல, மேடு பள்ளத்துல, ஆமை வேகத்துல ஏத்தணும். ஏத்தி முடிக்கிற வரைக்கும் காலைத் தரையில ஊனக் கூடாது. ஊனுன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி தண்டம். போன்ல வீடியோ பார்த்து கிறுக்குப் பிடிச்சுக் கெடந்தப்ப, விருதுநகர்ல ஒரு பழைய இரும்புக் கடையில அதே சாதி வண்டி கெடந்துச்சு. மலை எஸ்டேட்டு ஒண்ணுல எந்தக் காலத்திலயோ ஒரு வெள்ளைக்காரர் வச்சிருந்ததாம். ஸ்பெயின் நாட்டு வண்டி, ஐம்பது வயசு இருக்கும். டேங்க் ஒரு சொம்பளவு, சீட்டுன்னு பேருக்கு ஒரு பட்டை. சைலன்சருக்குள்ள குளவி கூடு கட்டியிருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டாந்து பின்கட்டு ரூம்ல நிறுத்தி முதல் வேலையா ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன்.

வண்டியைச் சரி பண்ண வந்தவனைப் பத்திச் சொல்லணும். மெக்கானிக். ஆமத்தூர் விலக்குல ரோட்டோரமா தகரக் கொட்டகை போட்டுக் கடை வச்சிருந்தான். வாலிபத்துல எங்க ஆலையில ஆறு வருசம் என் கைக்கு அடியில வேலை பார்த்தவன். எங்கம்மா அப்பா காலத்துல அவங்கம்மாவும் அப்பாவும் எங்க புஞ்சையில கூலிக்கு நின்னவுக. என்னை விட ரெண்டு வயசுதான் சின்னவன். ஆனா நான் 'ஏலே'ம்பேன், அவன் 'வாங்க அண்ணாச்சி'ம்பான். இதை எழுதுறப்பவும் 'அவன்'னுதான் கை போகுது. பழக்கம்.

அவன் கடைக்கு அப்ப நாள் எண்ணிக்கிட்டு இருந்தாக. ரோட்டை அகலப்படுத்துறதுக்குக் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருச்சு. மக நர்சிங் படிக்குது. எங்க ஆலையில வெடிக்குக் காகிதக் குழாய் சுத்துற மெஷினுக்கு ஒரு பிட்டர் வேணும்னு முதலாளி தேடிக்கிட்டு இருந்தாரு. ஆள் எடுக்கிறதுன்னா என்னைக் கேட்காம எடுக்க மாட்டாரு.

"சொல்லி விடுங்க அண்ணாச்சி. மாசச் சம்பளம்னு ஒண்ணு இருந்தா கொஞ்சம் மூச்சு விட்டுக்கிருவேன்."

"ஏலே, அந்த வேலை உனக்குத்தான். நான் இருக்கேன்ல" அப்படின்னு நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். அதை நம்பி வேற எங்கயும் அவன் கேட்கல.

ஞாயித்துக்கிழமை காலையில வருவான். பூட்டை நான்தான் திறப்பேன். அவன் பாட்டுக்கு உட்கார்ந்து வேலை பார்ப்பான், நான் மோடாவைப் போட்டு எதிர்த்தாப்ல உட்கார்ந்திருப்பேன். உதவிக்குன்னு சொல்லிக்கிட்டேன். நிஜத்துல ஒரு நட்டைக் கழட்டினாலும் அது எங்கன போகுதுன்னு என் கண்ணு பின்னாலயே போகும். அவனுக்கு அது தெரியாம இருக்குமா? தெரியும். கழட்டுன சாமானை எல்லாம் என் பக்கமாவே வரிசையா அடுக்குவான். இறுகிக் கெடந்த பிஸ்டனை மூணு வாரம் டீசல் ஊத்தி ஊற வச்சு இளக்கினான். நின்னுக்கிட்டே ஓட்ட வாகா கால்மிதியைப் பின்னால தள்ளி வச்சான். மேடு ஏற முக்கக் கூடாதுன்னு பின்னால பெரிய பல்சக்கரம் மாட்டினான். சைலன்சர் வாயில பித்தளை வலை வச்சு அடைச்சான், ஆலைக்கு லோடு ஏத்த வார லாரிகளுக்கு இருக்கும்ல, அந்த மாதிரி. "பட்டாசு ஊருக்குள்ள தீப்பொறி கக்கிக்கிட்டுப் போனா நம்மளை ஊரே ஏசும் அண்ணாச்சி"ன்னு சிரிச்சான். எனக்கு முட்டி வலி. அதனால வண்டி முடிஞ்சதும் அவன்தான் ஓட்டணும், ஊருக்குப் பின்னால இருக்கிற பழைய கல்குவாரி மேட்டுல ஏத்தணும், எத்தனை தடவை கால் ஊனுறான்னு நான் எண்ணணும். இதுதான் பேச்சு.

இதுக்கு நடுவுல பழைய வண்டிக்காரங்க வாட்சாப் குரூப் ஒண்ணுல சேர்ந்தேன். கெட்ட நேரம், வேற என்ன. கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் போட்டோவைப் பார்த்துட்டுக் கூப்பிட்டாரு. "ஏனுங்க, இந்த வண்டியில இன்ஜின் மூடி, ரெண்டு வீல் டிரம்மு, எல்லாமே மெக்னீசியமுங்க. உலகத்துல தேடுனாலும் கிடைக்காது. மெக்கானிக் கையில தனியா குடுத்துறாதீங்க, அலுமினியத்துல மாத்திருவானுங்க."

எங்க ஊர்க்காரனுக்கு ஒரு பொருள் என்னன்னு தெரியணும்னா கொளுத்திப் பார்த்துடணும். பச்சை உப்பு பச்சையா எரியும், கந்தகம் நீலமா எரியும், மெக்னீசியம் கண்ணைப் பறிக்கிற வெள்ளை. இன்ஜின் மூடியோட ஓரத்துல லேசா அரத்தை வச்சு ஒரு சிட்டிகை ராவி, தொழுவத்துக்குப் பின்னால ஒரு ஓட்டுத் துண்டுல வச்சு, பக்கத்துல மணல் வாளியோட பத்த வச்சேன். பளீர்னு ஒரு வெள்ளை. கண்ணை மூடித் திறந்தாலும் அந்த வெளிச்சம் நிக்குது. ஆகா, கோயம்புத்தூர்க்காரர் சொன்னது சத்தியம்.

அடுத்த ஞாயிறு முன் சக்கரத்தைக் கழட்டிப் பார்த்துட்டு, "நடுவுல இருக்கிற டிரம்முக்குள்ள பேரிங் உட்காருற இடம் தேஞ்சு போச்சு அண்ணாச்சி. சக்கரம் ஆடும். விருதுநகர்ல லேத்து பட்டறையில கடைஞ்சு சரி பண்ணிட்டு வாரேன்"ன்னான். என்ன சொல்ல முடியும்? கொடுத்து விட்டேன். நாலு நாள். ஆலையில நிக்கிறப்பவும் நினைப்பெல்லாம் அந்த டிரம்மு மேலதான். வியாழக்கிழமை நான் ஆலையில இருந்தப்ப வந்து வீட்டுல கொடுத்துட்டுப் போயிருந்தான். கையில எடுத்தேன். பழைய கறையெல்லாம் போயி பளபளன்னு இருந்துச்சு. எதுக்கு இம்புட்டுப் பளபளப்பு? மெக்னீசியம்னா லேசா இருக்கணுமே, இது கனமா வேற தெரியுதே? நம்ம டிரம்மு இம்புட்டுக் கனமாவா இருந்துச்சு?

சனிக்கிழமை காலையில ஆலைக்குக் கிளம்புறதுக்கு முந்தி அரத்தை எடுத்தேன். வெளிப்பக்கம் ராவினா தழும்பு தெரிஞ்சு போகும், அவன் கண்டுபிடிச்சுருவான். கெட்டிக்காரத்தனமா உள்பக்கமா, பேரிங் உட்காருற குழிக்குள்ள ராவினேன். ஓட்டுத் துண்டுல வச்சுக் கொளுத்தினேன். பிடிக்கல. இன்னொரு குச்சி. தூள் கறுத்துச்சு, அவ்வளவுதான். வெள்ளை வரவே இல்ல.

அலுமினியம்.

அடப்பாவி, மாத்திட்டானேன்னு அங்கனயே குத்த வச்சு உட்கார்ந்துட்டேன். நெருப்பு என்னைக்கும் என்கிட்டப் பொய் சொன்னதில்லன்னு ஒரு திமிர் எனக்கு. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கல. ஏன் கேட்கலைன்னு இப்ப எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் இம்புட்டும் எழுதுறேன். அவன் எடுத்திருப்பான்னு எனக்கு ஆச்சரியமாவே இல்ல. ஆத்திரம் வந்துச்சு, ஆச்சரியம் வரல.

எங்கப்பா காலத்துல எங்க புஞ்சையில பருத்தி எடுப்பு நடக்கும். சாயங்காலம் வேலை முடிஞ்சு போறப்ப பொம்பளைக வரிசையா வந்து வரப்புல நின்னு மடியை அவிழ்த்து உதறிக் காட்டணும். ஒரு பிடி பருத்தி கூட மடியில போயிரக் கூடாதுல்ல. எங்கப்பா கிணத்து மேட்டுல நின்னு பார்ப்பாரு. இந்த மெக்கானிக்கோட அம்மாவும் அந்த வரிசையில நிக்கும். சின்னப் பையனா நானும் அப்பா பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். எனக்கு அது ஒரு வேடிக்கை. அந்த வரிசையில ஒருத்தர் மடியில இருந்தும் பருத்தி விழுந்து நான் பார்த்தது கிடையாது. ஆனாலும் மறுநாள் திரும்ப உதறச் சொல்லுவாக.

ஞாயித்துக்கிழமை வந்தான். நான் பூட்டைத் திறந்தேன், முகத்தைத் திறக்கல. டிரம்மை எடுத்து என் பக்கம் திருப்பி, "அண்ணாச்சி, இதுக்குள்ள ஒரு வேலை பண்ணியிருக்கேன், பாருங்க"ன்னான்.

"பார்த்தேன், பார்த்தேன். எல்லாம் பார்த்தாச்சு. மாட்டு."

என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் சக்கரத்துல மாட்டினான்.

திங்கக்கிழமை முதலாளி கூப்பிட்டாரு. "அந்தப் பிட்டர் வேலைக்கு உங்க ஊர்ல ஒருத்தர் இருக்காருன்னீகளே, வரச் சொல்லலாமா?"

"வேண்டாம் முதலாளி. வேற ஆளைப் பார்ப்போம்."

"ஏன், நல்ல வேலைக்காரர்னு நீங்கதான சொன்னீக?"

"வேலை நல்லாத்தான் பார்ப்பான். கை சுத்தம் பத்தாது."

அவ்வளவுதான். ஒரு டீ ஆறுற நேரம் கூட ஆகல. அவரும் மேல கேட்கல. நான் சொன்னாச் சரின்னு விட்டுட்டாரு. அந்த வாரமே சாத்தூர்ப் பக்கமிருந்து ஒருத்தரை எடுத்துட்டாக.

அடுத்த ஞாயிறு அவன் வந்து வாசல்லயே நின்னான். "அந்த வேலைக்கு ஆள் எடுத்துட்டாகளாமே அண்ணாச்சி?"

"ஆமாலே. முதலாளிக்கு வேண்டிய ஆளாம். நான் என்ன செய்ய?"

"சரி அண்ணாச்சி." ரெண்டு தடவை சொன்னான். அன்னைக்கும் உள்ள வந்து கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவி வச்சுட்டுத்தான் போனான். அதுக்கப்புறம் வரல. கொட்டகையைப் பிரிச்சுட்டாகன்னு பஸ்ல போறப்பத்தான் பார்த்தேன். சாமான் போனது போகட்டும், ஆளை அடையாளம் கண்டுகிட்டோம்லன்னு எனக்கு நானே தட்டிக் கொடுத்துக்கிட்டேன். கோயம்புத்தூர்க்காரருக்கு போன் போட்டு, "நீங்க சொன்னபடியேதான் ஆச்சு"ன்னு வேற சொன்னேன்.

தீபாவளி முடிஞ்சு ஆலையைக் கொஞ்ச நாள் அடைச்சாக. மழை பிடிச்சுக்கிட்டதால பம்ப் ரூம் ஒழுகுதான்னு பார்க்கப் போனேன். வீட்டுல இருந்து தள்ளி, கிணத்தோரமா இருக்கு அது. மோட்டார் பழுதானதுல இருந்து அங்கன யாரும் போறதில்ல. உள்ள மாடக்குழியில ஒரு பொட்டலம். குழாய் சுத்துற பிரவுன் பேப்பர், பருத்தி நூல் கட்டு. அந்த மடிப்பு எனக்குத் தெரியும். ஆலையில வெடிமருந்துச் சாம்பிளை மடிக்கிற மடிப்பு. மேல பேனாவுல எழுதியிருந்துச்சு: 'முன் டிரம் துருவல். உங்க பொருள். தண்ணி படக் கூடாது.'

பொட்டலத்தோட வீட்டுக்கு ஓடினேன். வீட்டுக்காரி நெத்தியில அடிச்சுக்கிட்டா. "ஐயையோ, மறந்தே போனேன்! அந்த டிரம்மைக் கொண்டாந்தாகளே, அன்னைக்குக் கொடுத்தது. 'அக்கா, இது வெடிமருந்து மாதிரி. வீட்டுக்குள்ளயும் வேண்டாம், பெட்ரோல் வண்டி கிட்டயும் வேண்டாம், பம்ப் ரூம்ல வச்சிருக்கேன், அண்ணாச்சிகிட்டச் சொல்லிருங்க'ன்னாக. நீங்க அன்னைக்கு வாரப்பவே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தீக, நான் என்னத்தச் சொல்ல?"

மருந்தை எப்பவும் தனியா, தள்ளி, நனையாம வைக்கணும்னு ஆறு வருசம் அவன் காதுல ஓதுனது நான்தான்.

ஒரு சிட்டிகை எடுத்துக் கொளுத்தினேன். பளீர்னு வெள்ளை. ரூமைத் திறந்து முன் சக்கரத்தைக் கழட்டிப் பேரிங்கைத் தட்டி எடுத்துட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். குழிக்குள்ள மயிர் கனத்துல ஒரு கோடு வட்டமா ஓடுது. பழைய டிரம்மை வீணாக்கக் கூடாதுன்னு, தேஞ்ச இடத்தை மட்டும் கடைஞ்சு எடுத்துட்டு, அங்கன புதுசா ஒரு அலுமினிய வளையத்தை அடிச்சு உட்கார வச்சிருக்கான். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு உள்ள கையை விட்டு நான் ராவினது அந்த வளையத்தை. வெளிப்பக்கம் ராவிக் கொளுத்திப் பார்த்தேன். அதுவும் வெள்ளை. கடைஞ்சப்ப விழுந்த துருவலைக் கூட ஒண்ணு விடாம அள்ளிக் கட்டி, என் பேருக்கு எழுதிக் கொண்டாந்து கொடுத்துட்டுப் போயிருக்கான். நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு.

ஆனைக்குட்டம் போற வழியில ஒரு டயர் கடையில கூலிக்கு நிக்கிறான்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டுப் போனேன். லாரி டயரை உருட்டிக்கிட்டு இருந்தவன் என்னைப் பார்த்ததும், "வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?"ன்னான். பொட்டலத்தைக் காட்டினேன். கொளுத்திப் பார்த்தது, தப்பா நினைச்சது, எல்லாத்தையும் கொட்டினேன். "மன்னிச்சிருலே, நான் ஒரு கூறுகெட்டவன்"ன்னேன்.

டயரை ஒரு கையால பிடிச்சுக்கிட்டே கேட்டான். "அந்த வேலை... அப்ப அது முதலாளிக்கு வேண்டிய ஆளுன்னு எடுக்கலையா?"

"இல்லலே. நான்தான் வேண்டாம்னேன்."

"ஏன்னு கேட்டாகளா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீக?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. வேலை போனது மட்டும்தான் அவனுக்குத் தெரியும், எதனால போச்சுன்னு தெரியாது. முதலாளிக்கும் எனக்கும் நடுவுல இருந்த வார்த்தை அது. மன்னிப்புக் கேட்க வந்து நானே அதைக் கொண்டாந்து அவன் கையில கொடுக்கணும். பொய் சொல்ல வாய் வரல. "கை சுத்தம் பத்தாதுன்னு சொன்னேன்."

டயரைச் சுவத்துல சாய்ச்சு வச்சான். கையைத் துடைச்சான். "வண்டி வேலை பாதியில நிக்குதுல்ல? ஞாயித்துக்கிழமை வாரேன்"ன்னான். முதலாளிகிட்டப் பேசுறேன், அடுத்த சீசனுக்காவது எப்படியாவது வாங்கித் தாரேன்னு என்னென்னமோ சொன்னேன். "இருக்கட்டும்"ன்னான்.

சொன்னபடியே வந்தான். கார்புரேட்டரை மாட்டினான், பிளக்கை மாத்தினான். நாலாவது உதையில வண்டி பிடிச்சுச்சு. குவாரி மேட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போனோம். மழையில பாறை வழுக்கிக் கெடந்துச்சு. கால்மிதியில நின்னபடிக்கு, முட்டியை மடக்கி, கல்லுக்குக் கல்லு நிறுத்தி நிறுத்தி ஏத்தினான். ஒரு இடத்துல வண்டி அசையாம அப்படியே நின்னுச்சு, கீழ விழப் போறான்னு நான் மூச்சைப் பிடிச்சேன், விழல. உச்சிக்குப் போயி திரும்பி இறங்கி வந்தான். அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்ல. சிரிச்சிருவான்னு நினைச்சேன்.

"எத்தனை தடவை ஊனுனேன்?"

"ஊனவே இல்லலே!"

"நல்லாப் பார்த்தீகளா?"

"பார்த்தேன்."

வண்டியைக் கொண்டாந்து ரூம்ல நிறுத்தினான். ஸ்பானர்களைத் துடைச்சு அவனோட பைக்குள்ள வச்சான். தொட்டித் தண்ணியில கை கழுவினான். வீட்டுக்காரி காபி கொண்டாந்தா, குடிச்சுட்டு டம்ளரைக் கழுவிக் கவுத்தினான். வாசல் வரைக்கும் போனவன் நின்னு திரும்பினான். பையைத் தரையில கவுத்து ஸ்பானரை எல்லாம் பரப்பினான். தோள்ல கெடந்த துண்டை உதறினான். டவுசர் பை ரெண்டையும் வெளிய இழுத்து விட்டான். அப்புறம் என் முன்னால வந்து ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னான்.

"ஏலே, என்னலே இது? கையை இறக்கு."

இறக்கல. முகத்துல கோபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆலைக் கேட்டுல நிக்கிற மாதிரி எனக்குப் பின்னால எங்கயோ பார்த்துக்கிட்டு நின்னான். ஆலையில உள்ள போறப்பத்தான் நான் தடவிப் பார்ப்பேன். வெளிய போறப்ப காட்டுறது எங்க புஞ்சையில இருந்த வழக்கம்.

வீட்டுக்காரி டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பார்த்தா. இருபத்தஞ்சு வருசமா ஆளுகளைத் தடவுன கை, தூக்கக் கூட முடியல எனக்கு. தூறல் விழ ஆரம்பிச்சுச்சு. அவன் தூக்குன கை தூக்குனபடி இருந்துச்சு. நான் சொல்ற வரைக்கும் நிப்பான்னு புரிஞ்சுச்சு.

"போங்க"ன்னேன்.

அதுக்கப்புறம்தான் கையை இறக்கினான்.